பறையட்டா?

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை, காலை எட்டே கால் மணிக்குப் பாறசாலை ரயில் நிலையத்தில் இறங்கிய லிஜி, முந்தாநாள் மாலையிலிருந்து கண்ணை மூடவில்லை. மூடினால் ஒரு விமானத்தின் வெள்ளை வயிறு தெரிந்தது. அதன் குறுக்கே கறுப்பாக ஓர் எண்ணெய்க் கறை. அவ்வளவு பக்கத்தில் அதைப் பார்த்திருக்கவே கூடாது.

லிஜிக்கு வயது இருபத்தேழு. குன்னத்துகாலில் குத்தகை நிலத்தில் ஏத்தன் வாழை போடும் பாலையனுக்கும் விலாசினிக்கும் ஒரே மகள். வங்கிக் கடனில் விமானம் ஓட்டப் படித்தாள். உரிமம் வந்தது, பெரிய கம்பெனிகளின் அழைப்பு வரவில்லை. இரண்டு வருடமாக, பதினான்கு மணி நேர ரயில் தூரத்திலுள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில், இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தில் மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தாள்.

ஊரில் பாலையனுக்குப் பைலட்டின் அப்பன் என்று பெயர். பைலட் என்றால் மாதம் ஐந்து லட்சம் என்று டீக்கடையில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். லிஜியின் நிலைச் சம்பளம் பதினெட்டாயிரம். மிச்சமெல்லாம் என்ஜின் ஓடுகிற மணிக்கு இவ்வளவு என்பதுதான். பாடம் சொல்லும் நேரம், மேகம் விலகக் காத்திருக்கும் நேரம், வெயிலில் நின்று பெட்ரோல் நிரப்பும் நேரம், இவை எதற்கும் கூலி கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. பள்ளியின் கைப்புத்தகப்படி ஒருவர் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ஆனால் பருவமழை தொடங்குவதற்குள் மாணவர்களை முடித்தாக வேண்டும். அதனால் ஏழாவது மணியும் எட்டாவது மணியும் யாருமே பறக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தாளில் ஏறிவிடும். மேலாளர் வேலாயுதன் தாளை நீட்டுவார். லிஜி கையெழுத்துப் போடுவாள். மூன்று வருட ஒப்பந்தத்துக்காக அவளுடைய அசல் சான்றிதழ்கள் அவருடைய அலமாரியில் இருந்தன. ஜனவரி முதல் இப்படி நாற்பத்தொரு நாள்.

மார்ச் 5, புதன்கிழமை, மாலை 4.47. அன்றைக்கு அவளுக்கு ஏழாவது மணி. இடது இருக்கையில் மாணவர் தாணு. வயது முப்பத்து மூன்று, திருப்புறத்துக்காரர். வளைகுடாவில் பதினோரு வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு, மீதி வாழ்க்கையை ஆகாயத்தில் ஓட்டலாம் என்று வந்தவர். ஓடுதளத்தைச் சுற்றி ஏறுவது, திரும்புவது, இறங்குவது, மறுபடி ஏறுவது என்று ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம் ஆகும். விமானத்துக்குள் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது பள்ளியின் கட்டளை. ஆனால் இரண்டு பேரும் ஒரே மண். ஹெட்செட்டை மாட்டியதும் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

இறங்குவதற்குத் திரும்பும் முன்பு கட்டுப்பாட்டு டவருக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். தாணு கேட்டார்: "மேடம், பறையட்டா?" சொல்லட்டுமா என்று பொருள். லிஜியின் வாயிலிருந்து பதில் வந்தது. பறை என்றுதான் சொல்லியிருப்பாள். கடைசி எழுத்தின் ஐகாரத்தை உதடு விழுங்கிவிட்டது. தாணுவின் காதில் விழுந்தது 'பற'. பேச வேண்டாம், ஓட்டு என்று எடுத்துக்கொண்டு, டவருக்குச் சொல்லாமலே திரும்பிவிட்டார். நேராக இறங்க வந்துகொண்டிருந்த இன்னொரு விமானம் அவர்கள் தலைக்கு மேலே போயிற்று. நடுவில் இருந்த இடைவெளி நூற்றைம்பது அடி என்று டவரில் எழுதினார்கள். லிஜி கண்ணைத் திறந்தபோது முன்கண்ணாடி முழுவதும் அந்த வெள்ளை வயிறுதான் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது. இந்த இரண்டு சொல்லை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குச் சம்பளமில்லாத நான்கு நாள். ரயிலில் வரும்போதே வேலாயுதனிடமிருந்து அறிக்கையின் வரைவு போனுக்கு வந்துவிட்டது. வட்டார மொழியில் தரப்பட்ட சரியான கட்டளையை மாணவர் தவறாகக் கேட்டார் என்று நான்கு வரி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்பினால் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரலாம். தாணுவின் பெயர் நீக்கப்படும். கட்டிய பணம் திரும்பாது.

"மக்கா, வந்ததுல இருந்து தின்னவும் இல்ல, ஒறங்கவும் இல்ல. வேலைய விட்டுட்டா வந்தே?" என்றார் பாலையன், சனிக்கிழமை மதியம்.

"இல்லப்பா. லீவாக்கும்."

"பைலட்டுக்கு லீவு உண்டா? கிறிஸ்துமசுக்குக்கூட உன்னைக் கண்டதில்லையே."

"நீங்க சும்மா இரிங்க. பிள்ளைக்க மொகத்தப் பாருங்க" என்றாள் விலாசினி.

லிஜி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எல்லாருக்கும் ஒரு நொடி கண் சொக்கும், இரண்டு நொடி இருக்கும், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். உண்மையை எழுதினால் உரிமம் போகலாம். பொய்த் தாள்கள் நாற்பத்தொன்றிலும் இருப்பது அவளுடைய கையெழுத்து. கையெழுத்திட்டுத் திரும்பிப் போனாலோ, செவ்வாய்க்கிழமை மறுபடி ஏழாவது மணி வரும்.

சாப்பாடு முடியும் முன்பே, மூன்று மணிக்கு, முற்றத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தாணு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.

"மேடம், மாப்பு தரணும்."

லிஜி கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தாள். "அண்ணன் எதுக்கு மாப்பு கேக்கீங்க?"

"எனக்க தப்பாக்கும். நீங்க பறைன்னுதான் சொல்லியிருப்பீங்க. எனக்குப் பறன்னு கேட்டுது. எனக்க வீட்டுக்காரி பறஞ்சாளே, டிரெய்லர் ஓட்டி ஓட்டிக் காது செத்துப் போச்சுன்னு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வேலாயுதன் சாருக்கு எழுதிக் குடுக்கப் போறேன். என்ன வெளிய தள்ளினாலும் செரி, உங்க லைசென்ஸ் போவாண்டாம்."

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். தாணு எழுதிக் கொடுத்திருப்பார், எல்லாம் முடிந்திருக்கும். ஆனால், தான் நினைத்த இரண்டு நொடியை உறுதி செய்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"அதுக்கு முன்னால நான் என்ன சொன்னேன் அண்ணா?"

"ஒண்ணும் சொல்லல்லியே. தரையத் தொட்டு ஏறினப்போ, உயரம் பாருங்கன்னு சொன்னீங்க. பின்ன நான் ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டுக்கும் ம்ன்னு மட்டும் சொன்னீங்க. நல்லா ஓட்டுதேன், அதான் மேடம் திட்டல்லன்னு எனக்கு ஒரே சந்தோசம்."

அந்த இரண்டு 'ம்'மும் லிஜிக்கு நினைவில்லை. ஏறியது முதல் அந்தத் திருப்பம் வரை மனதுக்குள் எண்ணினாள். ஆறு நிமிடச் சுற்றில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். வெயிலுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் ஐந்து நிமிடம் உறங்கியிருக்கிறாள். அப்படியானால் அதற்கு முந்தின சுற்று? முந்தின வாரம்? அந்த நாற்பத்தொரு நாளில் எத்தனை மாணவர்கள் அவள் விழித்திருக்கிறாள் என்று நம்பி ஓட்டினார்கள்? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாணு அண்ணா, நான் ஒறங்கிட்டேன்."

"எப்போ?"

"அப்பவேதான். பறைன்னு சொன்னதுகூட எனக்கு ஓர்மை இல்ல."

தாணு ஹெல்மெட்டை மெதுவாக ஸ்கூட்டரின் மேல் வைத்தார். அது சரிந்து தரையில் விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"அப்போ… நான் ஒத்தையிலயா ஓட்டினேன்?"

தனியாகப் பறக்க அவருக்கு இன்னும் அனுமதியே கிடைத்திருக்கவில்லை. விலாசினி செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"எனக்கு ரெண்டு பிள்ளையள் உண்டு, தெரியுமா? மூணு நாளா எனக்க காதக் குத்தம் சொல்லிட்டுத் திரியுதேன். ஒரு வார்த்த பறயக் கூடாதா?"

"பேடியா இருந்து அண்ணா. பயந்துட்டேன்."

"எனக்கு மட்டும் இல்லியா?"

பாலையன் கையைக் கழுவாமலே எழுந்து வந்திருந்தார். "லைசென்ஸ் போயிருமா மக்கா?" என்றார்.

"போகலாம்ப்பா."

அவர் சோறு காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதுவீங்களா?" என்றார் தாணு.

"நாளைக்கு எழுதி அனுப்புதேன்."

"நாளைக்குன்னா பேடி இன்னும் கூடும் மேடம். இப்போ எழுதுங்க. நான் இஞ்ச இருக்கேன்." சொல்லிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். அவள்மேல் அவருக்கு இப்போது நம்பிக்கை இல்லை என்பது லிஜிக்கு விளங்கியது. அது சரிதான் என்றும் பட்டது.

அவர் பார்க்கும்படியே உட்கார்ந்து எழுதினாள். சம்பளத்தைச் சரிபார்க்க அன்றன்று போனில் குறித்து வைத்த என்ஜின் நேரங்கள் இருந்தன. நாற்பத்தொரு தேதிகளையும், ஒவ்வொன்றுக்கும் உண்மையான மணியையும், தாளில் எழுதிய மணியையும் வரிசையாகப் போட்டாள். கையெழுத்துகள் தன்னுடையவை என்று எழுதினாள். மாணவர் மீது தவறில்லை என்று எழுதினாள். எவ்வளவு நேரம் உறங்கினேன் என்ற இடம் வந்ததும் ஐந்து நிமிடம் என்று எழுதினாள், அழித்தாள். தெரியாது என்று எழுதினாள். பள்ளிக்கு ஒன்று, விமானத் துறை அலுவலகத்துக்கு ஒன்று. அனுப்பும்போது மாலை 4.20.

பதினோரு நிமிடத்தில் போன் அடித்தது. திரையில் வேலாயுதன் என்ற பெயர். விலாசினி, "எடுக்காண்டாம் மக்கா" என்றாள். தாணு படியிலிருந்து எழுந்து நின்றார்.

லிஜி எடுத்தாள்.

"என்னம்மா இது? நேரம்கூடத் தெரியாதுன்னு எழுதியிருக்கே? ஒரு நொடின்னு மாத்திக் குடு, நான் சமாளிக்கிறேன்."

"ஒரு நொடி இல்ல சார்." எழுந்து நின்ற தாணுவைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம்னு எனக்கு உண்மையிலேயே தெரியாது. இனி எனக்க பக்கத்துல யாரையும் ஏத்தி விடாதீங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். தாணு விழுந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஸ்கூட்டரைக் கிளப்ப மூன்று முறை உதைக்க வேண்டியிருந்தது.