கேலன் சொன்ன பதினேழு அடி

கேலன் ஷ்ராக் முப்பத்தோரு வருடம் கூரை ஏறினான். கான்சஸில் எங்கள் பக்கம் ஆலங்கட்டி மழை கொட்டி ஓய்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அனுப்புவது அவனைத்தான். கையில் ஒரு சாக்குக்கட்டியோடு ஏறி, தார் ஓடுகளை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். ஆலங்கட்டி விழுந்த இடம் அடிபட்ட ஆப்பிள் போல மெத்தென்று இருக்கும். அதைச் சுற்றி வட்டம் போடுவான். இல்லாத அடிக்கு அவன் வட்டம் போட்டதில்லை; இருந்த அடியை விட்டதுமில்லை. அவனைப் பிடிக்காதவர்கள்கூட அவன் பேச்சை நம்பினார்கள்.

அவன் மனைவி லோயிஸ் வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனாள். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லோயிஸின் தங்கை வெர்டா அவன் எதிரில் வந்து நின்றாள்.

“ஆறு மாசமா வலிக்குது வலிக்குதுன்னு சொன்னாளே கேலன். ஊரான் வீட்டுக் கூரையெல்லாம் தடவித் தடவிப் பாத்தியே, கட்டின பொண்டாட்டி வயித்த ஒரு தடவ தொட்டுப் பாத்தியா?”

அத்தனை பேருக்கும் கேட்டது. கேலன் காகிதத் தட்டை இரண்டாக மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போனான்.

ஒன்பது வருடம் ஓடியது. வெர்டாவின் புருஷனும் போய்ச் சேர்ந்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்று அவள் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நான் அவளுக்கு எதிர்வீடு.

அந்த ஏப்ரலில் பட்டாணி அளவில் கொஞ்சம் ஆலங்கட்டி விழுந்தது. மறுநாளே வெளிமாநில வண்டியில் டஸ்டின் என்றொரு கூரைக்காரன் வந்து, “இலவசமா பாத்துத் தரேம்மா” என்று வெர்டா வீட்டுக் கூரையில் ஏறினான். அவள் அவனுக்குக் காபி போட உள்ளே போனாள். மேலே டொக் டொக்கென்று சத்தம். ஆணி அடிக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். இறங்கி வந்தவன், “கூரை போச்சும்மா. இன்சூரன்ஸ்ல சொல்லுங்க, புதுசா நான் போட்டுத் தரேன்” என்றான்.

அந்த வாரமே கேலன் வந்தான். இருபது நிமிடம் மேலே இருந்தான். இறங்கியதும் வெர்டா கேட்டாள்: “எத்தன அடி?”

“பதினேழு.”

“அப்ப புதுசு போட்டுடுவாங்களா?”

“பதினேழும் சுத்தியல் அடி. எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொரு ஓட்டுலயும் நட்டநடுவுல. பக்கத்துல இருக்கற தகரக் குழாய்ல ஒரு சொட்டை இல்ல. ஆண்டவர் இவ்வளவு ஒழுங்கா எறிய மாட்டாரு வெர்டா.”

அவள் முகம் வெளிறிப்போனது. “அந்தப் பய செஞ்சிருக்கான். சத்தியமா எனக்குத் தெரியாது. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்க ஏறுறது?”

நான் தெருவைக் கடந்து போனேன். “நான் சத்தம் கேட்டேன் கேலன். இவ அப்ப உள்ளதான் இருந்தா.”

“நான் கூரை பாக்க வந்தேன் எல்டன். சாட்சி விசாரிக்க வரல.”

‘வீட்டு உரிமையாளர் வேண்டுமென்றே செய்த சேதம்’ என்று எழுதி அனுப்பினான். கம்பெனி அவள் இன்சூரன்ஸை ரத்து செய்தது. வேறு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் காபிக் கடையில் அவனிடம் கேட்டேன். “அவ செய்யலன்னு உனக்குத் தெரியாதா?”

“அன்னைக்கே தெரியும். மேல அவன் பூட்ஸ் தடம் இருந்துச்சு. போட்டோகூட எடுத்தேன்.”

“அனுப்பினியா?”

“இல்ல.” சர்க்கரையைக் கலக்கினான். “அத்தன பேர் முன்னால கேட்டா, எல்டன். லோயிஸ் இன்னும் மண்ணுக்குள்ள ஆறக்கூட இல்ல.”

ஜூனில், கோதுமை அறுப்புக்கு முன்னால், நிஜமான புயல் வந்தது. முட்டை முட்டையாகக் கட்டிகள். என் காரின் கண்ணாடி நொறுங்கியது. வெர்டா வீட்டில் இரண்டு இடத்தில் கூரை பொத்துக்கொண்டு பலகை தெரிந்தது.

கேலன் என் கூரையைப் பார்த்துவிட்டு இறங்கியபோது அவள் தடியூன்றித் தெருவைக் கடந்து வந்தாள்.

“என் வீட்டையும் பாத்துட்டுப் போ.”

“உன் வீடு எங்க கம்பெனில இல்லியே.”

“தெரியும். சும்மா பாரு.”

அவன் ஏணியை எடுத்துப் போனான். என் கூரையில் அரை மணி நேரம்தான் இருந்தான். அவள் கூரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு அடிக்கும் வட்டம் போட்டான். சாக்குக்கட்டி தீர்ந்து இன்னொன்று எடுத்தான். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

“எல்லாம் நிஜ அடி” என்றான் இறங்கி வந்து. “ஒண்ணுகூடப் பொய் இல்ல.”

“தேங்க்ஸ்” என்றாள் வெர்டா. அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள்.

நானும் சர்ச்சைச் சேர்ந்த இரண்டு பேரும் அவள் கூரைமேல் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம். காற்று அதைக் கிழித்தது. ஆகஸ்டில் படுக்கையறையின் உட்கூரை கட்டிலின்மேல் விழுந்தது. வெர்டா சலைனா நகரத்தில் மகளின் சின்ன ட்ரெய்லர் வீட்டுக்குப் போனாள். அங்கே அவளுக்குச் சோபாதான். மருமகன் டிவியை அணைத்த பிறகுதான் படுக்க முடியும் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள்.

அவள் வீட்டை மனைக்காக வாங்கியவன் இடித்துவிட்டான். எதிரே இப்போது புல்தான். கேலன் அந்த வழியாக வண்டியில் போனால் எனக்குக் கை காட்டுவான். சின்ன ஊர். நானும் காட்டிவிடுகிறேன்.