குர்பான் மாட்டிடம் எடுத்த வைத்தியம்

என்னை விழுத்தியது ஒரு சிவப்பு மாடு. விழுத்தியது என்றுகூடச் சொல்ல முடியாது. மாவடிப்பள்ளிக்கும் காரைதீவுக்கும் இடையில், இரண்டு பக்கமும் வயல் உள்ள வீதியில், தார் சூடாக இருக்கிறதென்று அது சொகுசாகப் படுத்திருந்தது. நான்தான் ஸ்கூட்டியோடு போய் அதில் மோதினேன். மஃரிபு நேரம், மங்கல் வெளிச்சம். சம்மாந்துறைக் கலியாண வீடொன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான் வேலை முடிந்து நேரே ஸ்கூட்டியில் போயிருந்தேன்; கணவர் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். ஆகவே திரும்பும்போது நான் முன்னால், அவர் பின்னால். மாடு எழும்பி, வாலை உதறிவிட்டுப் போய்விட்டதாம். எனக்குத் தோள் எலும்பு வெடித்தது.

எலும்பு பொருந்திவிட்டது. பயம்தான் போகவில்லை. மாட்டைக் கண்டால் கை கால் உதறும், வாய் உலர்ந்துபோகும். எங்கள் கரையோரத்தில் மாட்டுக்குப் பயந்தவள் எங்கே போய் வாழ்வது? சந்தையில் மாடு, பஸ் தரிப்பில் மாடு, வங்கி வாசலில் காசு எடுக்க நிற்பதுபோல ஒரு மாடு. மாவடிப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான், கணவரின் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு தினமும் பிந்திப் போய் இறங்கினேன். ஸ்கூட்டி வெள்ளைத் துணி போர்த்தி அடக்கத்துக்குக் காத்திருக்கும் ஜனாஸா மாதிரி வீட்டோரமாகக் கிடந்தது.

“அத வித்துப்போடுவம் புள்ள. நான் கூட்டிட்டுப் போறன்தானே” என்றார் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஸ்கூட்டி இல்லாவிட்டால் நான் வீட்டுக் கேட்டடியில் காத்து நிற்கும் ஒரு பொம்பிளை, அவ்வளவுதான். மாமி தண்ணீர் ஓதித் தந்தார். குடித்தேன். மாடு குடிக்கவில்லையே, அதற்கு எப்படித் தெரியும்? கையில் ஒரு தாயத்தும் ஏறியது. கடைசியில் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த பெண் டொக்டர் மருந்தெல்லாம் தரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாட்டுக்குக் கிட்டப் போய்ப் பழகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. பல குடும்பம் சேர்ந்து கொடுக்கும் கூட்டுக் குர்பானுக்கு வாங்கிய மாட்டை, பெரிய வளவு என்று எங்கள் வீட்டில்தான் கட்டினார்கள். வைத்தியம் வீடு தேடி வந்துவிட்டதென்று குடும்பமே குதூகலித்தது. முதலில் ஜன்னலால் பார்த்தேன். பிறகு குசினி வாசலில் நின்றேன். கணவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, தாயத்துக் கையால் அதன் நெற்றியைத் தொட்டேன். பெருநாள் கிட்டும்போது நானே வாழைப்பழத் தோல் ஊட்டி, முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினேன். அது என் தோளில் மூச்சுவிட்டது. பயம் ஒழிந்ததென்று எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னேன்.

பெருநாளன்று என் வைத்தியத்தை அறுத்து, மூன்று பங்காகப் பிரித்து, பொலித்தீன் பைகளில் ஊருக்குள் அனுப்பினார்கள். எங்கள் பங்கில் நானே கறி சமைத்தேன். அழுதேன், சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

பெருநாள் முடிந்து ஸ்கூட்டியை எடுத்தேன். காரைதீவுச் சந்தி தாண்டவில்லை, முன்னால் ஒரு கறுத்த மாடு. அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஸ்கூட்டியை மதிலில் சாய்த்துவிட்டு ஒரு மருந்துக் கடைக்குள் ஓடி ஒளிந்தேன்.

டொக்டர் கதையைக் கேட்டு மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தார். பிறகு சொன்னார்: “பயத்த அழிச்செடுக்க ஏலா. அதுக்குப் பக்கத்துல புதுசா ஒரு பாடம் படிக்கலாம். நீங்க படிச்சது அந்த ஒரு மாட்டையும் அந்த ஒரு வளவையும் மட்டும்தான். அதையும் அறுத்துச் சாப்பிட்டுட்டீங்க.”

இந்தமுறை கணவரும் வேண்டாம், தாயத்தும் வேண்டாம் என்றார். விதவிதமான மாடு, விதவிதமான இடம், விதவிதமான நேரம். “போறத்துக்கு முதல், என்ன நடக்கும் எண்டு பயப்பிடுறீங்களோ அத வாயால சொல்லுங்க. மறுகா என்ன நடந்ததெண்டு பாருங்க. பயம் ஒரு நாளைக்குத் திரும்பியும் வரும். வந்தா, எல்லாம் போச்செண்டு ஓடிராதீங்க, நில்லுங்க.”

அப்படித்தான் நான் ஊர் மாடுகளை விசாரிக்கத் தொடங்கினேன். காலையில் கடற்கரை மாடு, வெயிலில் சந்தை மாடு, மழையில் வயல் மாடு. “இது என்னக் குத்தும்” என்று உரக்கச் சொல்லிவிட்டு நிற்பேன். அது அசைபோடும். எனக்கு முற்றாகவே பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் கதை உலாவியது. உலாவட்டும். நான் மறுபடி ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வந்தேன். அப்போதும் கணவர் விற்கும் கதையை விடவில்லை. இந்த மனிசனுக்கு என்னதான் பிரச்சினை என்று எரிச்சல் வரும்.

போன மாதம் அவருடைய மோட்டார் சைக்கிள் திருத்தப் போயிருந்தது. சம்மாந்துறையில் ஓர் அலுவலை முடித்துவிட்டு, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதே வீதி, அதே மஃரிபு நேரம். ஒரு சிவப்பு மாடு நடுவில் படுத்திருந்தது. பிரேக் பிடித்து நிறுத்தினேன். நெஞ்சு பழையபடி அடித்தது. ஒரு நாளைக்குத் திரும்பி வரும் என்று டொக்டர் சொன்ன விருந்தாளி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

“இது எழும்பி என்ட மேல பாயும்” என்றேன். மாடு காதை ஆட்டியது. நெஞ்சு மெல்ல அடங்கியது. ஆனால் தோளில் ஏதோ நடுங்கியது. கணவரின் கை.

“திருப்பு புள்ள. திருப்பு, வேற வழியால போவம்.” என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அண்டைக்கு நீ கிடந்த கிடையில, உசிரில்ல, மௌத்தாப் போயிட்டாய் எண்டுதான் நினச்சன்.”

இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று நான் மாட்டை மட்டும்தான் பார்த்தேன். பின்னால் வந்தவர் முழுவதையும் பார்த்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துபோனது.

நான் எஞ்சினை நிறுத்தினேன். “எங்கயும் போறல்ல மச்சான். இந்த மாடு என்ன செய்யும் எண்டு வாயால சொல்லுங்க. திங்கக்கிழம டொக்டரிட்டப் போவம்.”

“நானா? எனக்கு என்ன?”

“நான் கூட்டிட்டுப் போறன்தானே” என்றேன்.