காய்ந்த புல்லுக்கு மதிப்பெண்

பால்மெரனில் பள்ளிப் பேருந்து ஓட்டும் நெட்டா ராட்ரேயிடம் ஏழு கோல்ஃப் மட்டைகள் இருக்கின்றன. பதினான்கு வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. “மீதி ஏழையும் வீட்டுல மறந்துட்டு வந்துட்டியா?” என்று யாராவது சீண்டினால், “உன்னத் தோக்கடிக்க இதுவே அதிகம்” என்பார். கணவர் இறந்த வாரத்திலும் ஆடினார். இடுப்பு எலும்பை மாற்றிய மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னபோது, ஊன்றுகோலோடு போய் ஒற்றைக் கையால் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம் என்று உலகம் நினைக்கிறது. எங்கள் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் அது குழாய் ரிப்பேர் செய்பவரும் பல் மருத்துவரும் ஒரே வரிசையில் நின்று ஆடும் ஆட்டம். தனியாக வந்தால் உங்களோடு யார் சேர்ந்து ஆடுவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. முதல் குழிக்குப் பக்கத்து மரக்கூண்டில் உட்கார்ந்திருக்கும் டூகி முடிவு செய்வார். யாரோ ஒரு மன்னன் இந்த நிலத்தை ஊருக்குத் தானமாகக் கொடுத்தான் என்று நகர மண்டபத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். கொடுக்க அவன் யார்? அவன் பிறப்பதற்கு முன்பே மக்கள் இங்கே ஆடு மேய்த்தார்கள், வலை உலர்த்தினார்கள், துணி காயப் போட்டார்கள்.

அந்த நிலத்தைத்தான் நகர மன்றம் ஒரு ஹோட்டல் நிறுவனத்துக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விடப் பார்த்தது. நேரடியாகச் சொன்னால் ஊர் கொதிக்கும். ஆகவே நிபுணர் ஒருவரை வைத்து மைதானத்தை மதிப்பிடுவது என்று முடிவு செய்தார்கள். தரம் இல்லை என்று அவர் எழுதிவிட்டால், தரமுள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டியதுதானே! கொள்ளைக்கு இந்தக் காலத்தில் கத்தி தேவையில்லை. அறிக்கை போதும்.

எடின்பரோவிலிருந்து ஜூலியன் பெதுன் என்ற அந்த நிபுணர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுதான் அவர் செய்த தவறு. எங்கள் ஊரில் ஞாயிறன்று கோல்ஃப் கிடையாது. குழிகளில் நட்ட கொடிகளைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவோம். ஓய்வுநாளில் பந்தடித்தால் நரகம் என்று பாதிரிமார்கள் ஒரு காலத்தில் மிரட்டியதன் மிச்சம் அது. நரகத்தை இப்போது யாரும் நம்புவதில்லை. ஆனால் மட்டை வாங்க வசதியில்லாதவனும் அந்த ஒரு நாளில் நாயோடும் குழந்தையோடும் மைதானம் முழுக்கத் திரிகிறான். காரணம் மூடத்தனம், விளைவு நியாயம். இப்படியும் சில நேரம் நடந்துவிடுகிறது.

பெதுன் கோல்ஃப் மைதானத்தில் ஓட்டும் சின்ன மின்வண்டியில் வந்தார். புல்வெளியில் கைக்குழந்தைகளின் தள்ளுவண்டிகள், பட்டம் விடும் குழந்தைகள், போர்வை விரித்துத் தின்றுகொண்டிருக்கும் குடும்பங்கள். ஒரு கொடி இல்லை, ஓர் ஆட்டக்காரர் இல்லை. மழையில்லாத ஜூன் மாதம், புல் ரொட்டியின் மேலோடு போலக் காய்ந்து கிடந்தது. அவர் படம் எடுத்துக்கொண்டே போனார். நாயோடு வந்த நெட்டா வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“தம்பி, என்ன பண்றீங்க?”

“மைதானத்த மதிப்பிடுறேன் மேடம். கொஞ்சம் வழி விடுறீங்களா?”

“வண்டியில உக்காந்துக்கிட்டா? சூப்ப மோந்து பாத்துட்டு உப்புப் பத்தலைன்னு சொல்லுவீங்களா?”

“பாக்குறதே போதும் மேடம். யாருமே ஆடலையே. புல்லெல்லாம் செத்துக் கிடக்கு.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழம. யாரும் ஆட மாட்டோம். புல்லு சாகல, தூங்குது. நாளைக்குக் காலையில வாங்க, எங்கூட ஆடிப் பாருங்க.”

“நாளைக்கு எனக்கு வேற ஊர்ல வேலை.”

“அப்படியா? இல்ல, ஆட வராதா?”

பெதுன் இளைஞராக இருந்தபோது நாட்டின் அணிக்கு ஆடியவர். அது நெட்டாவுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். பெதுனின் முகம் சிவந்தது. “எத்தன மணிக்கு?” என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த டூகி பயந்துபோனார். நல்ல மனிதர், ஆனால் கோட்டுப் போட்டவரைக் கண்டாலே முதுகு தானாக வளையும். அன்று சாயங்காலம், ஊர்ப் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நீளக் குழாயை இழுத்து வந்து, முதல் மூன்று குழிகளைச் சுற்றியும் நனைத்துத் தள்ளினார். டிவியில் வரும் அமெரிக்க மைதானம் மாதிரி ஆக்கிவிடலாம் என்று எண்ணம். குழாய் அதற்கு மேல் எட்டவில்லை.

திங்கள் காலை நெட்டாவும் பெதுனும் ஆடத் தொடங்கினார்கள். பெதுன் அடித்த பந்து உயரப் போய், குழியருகே விழுந்து, சேற்றில் விழுந்த பழம் மாதிரி அங்கேயே நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

“பரவாயில்லையே மேடம்! நேத்து நான் தப்பா நெனச்சிட்டேன். பந்து விழுந்த இடத்துல நிக்குதே.”

நெட்டா அடித்த பந்தும் நின்றது. அவர் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார். விரலைக் காட்டிக் கூண்டின் பக்கம் கத்தினார்.

“டேய் டூகி! என்னடா இது ஈரம்?”

“பனிம்மா, பனி!”

“உன் மூஞ்சி பனி!”

வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல மதிப்பெண் நிச்சயம். டூகி அங்கிருந்து கையெடுத்துக் கும்பிடாத குறை. நெட்டா பெதுன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இது எங்க மைதானம் இல்ல. நேத்து சாயங்காலம் அவன் தண்ணி விட்டிருக்கான். இந்த மூணு குழியையும் கணக்குல சேக்காதீங்க.”

பெதுனுக்குப் புரியவில்லை. “நல்லாத்தானே இருக்கு? இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க?”

“நீங்க பச்சைன்னு எழுதிட்டா நாங்க வருஷம் பூரா பச்சையா வச்சிருக்கணும். தண்ணி, மருந்து, மிஷினு. அந்தச் செலவ இந்த ஊரு தாங்குமா? ஹோட்டல்காரன்தான் தாங்குவான். அப்புறம் நெலமும் அவனோடதுதான். பொய் சொல்லி வாங்குற மார்க்கு அவன் கையிலதான் போய்ச் சேரும்.”

நான்காவது குழியிலிருந்து உண்மையான பால்மெரன் ஆரம்பித்தது. தரை தார்ச்சாலை போல இறுகியிருந்தது. காற்று கடலிலிருந்து குறுக்கே அடித்தது. பெதுன் வழக்கம்போல் உயரத் தூக்கி அடித்தார். பந்து விழுந்து, துள்ளி, குழியைத் தாண்டி ஓடி, மணல் பள்ளத்தில் இறங்கியது. வெளியே எடுப்பதற்குள் அவர் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. ஆறாவது குழியில் மறுபடி அதே கதை. “இது அநியாயம்!” என்று மட்டையைத் தரையில் குத்தினார்.

“அநியாயம்தான். காத்து உங்களுக்கு மட்டுமா அடிக்குது?” என்றார் நெட்டா.

ஆனால் பெதுன் ஆட்டம் தெரிந்தவர். எட்டாவது குழிக்கு வருவதற்குள் தாமாகவே புரிந்துகொண்டார். பந்தைத் தூக்குவதை விட்டு, தாழ அடித்து, மேடு பள்ளத்தைப் பார்த்து உருட்டத் தொடங்கினார். ஒரு பந்து மேட்டில் ஏறி, வளைந்து, நெடுந்தூரம் ஓடிக் குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றபோது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி சிரித்தார். அதன் பிறகு ‘மேடம்’ போய் ‘நெட்டா’ வந்தது.

பதினான்காவது குழிக்குப் போகும் வழியில் துணி காயப்போடும் கம்பங்கள் நட்டிருக்கும். திங்கட்கிழமை துவைக்கும் நாள். படுக்கை விரிப்புகள் காற்றில் பாய்மரமாய் உப்பியிருந்தன. பெதுனின் பந்து நேரே ஒரு விரிப்பில் மோதி விழுந்தது.

“யோவ்! ஓட்ட விழுந்துச்சுன்னா நீதான் வந்து தைக்கணும்!” என்று துணி விரித்துக்கொண்டிருந்த பெண் கத்தினார்.

“மன்னிச்சுக்குங்க!” என்று கையை உயர்த்திய பெதுன், நெட்டாவிடம் திரும்பினார். “இதென்ன கூத்து? இதுக்கு யார் அனுமதி குடுத்தது?”

“யாரும் குடுக்கல. அதனால யாரும் எடுக்கவும் முடியாது. துணியில பட்டா தண்டனை இல்ல தம்பி, திரும்ப அடிங்க.”

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். நெட்டா இரண்டடி தூரத்துப் பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டும். அது விளிம்பைத் தொட்டு விலகிப் போனது. பெதுன் ஜெயித்தார். “இந்த ரெண்டடியப் பத்தி ஊருக்குள்ள ஒருத்தரும் பேசக்கூடாது” என்று நெட்டா டூகியை எச்சரித்தார். மத்தியானத்துக்குள் ஊரே பேசியது.

அறிக்கை வந்தது. மன்றக் கூட்டத்தன்று தலைவர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: “பிற ஊர் விருந்தினர்களுக்கான மைதானமாகப் பார்த்தால், இது மூன்றாம் தரம்.” வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

நூலகத்தில் வைத்திருந்த பிரதியை நெட்டா ஏற்கெனவே படித்திருந்தார். பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்தார்.

“அடுத்த வரியையும் படிங்க.”

“பார்வையாளர்கள் பேசக் கூடாது.”

“நான் பேசல. உங்களத்தான் பேசச் சொல்றேன். படிங்க.”

“உட்காருங்கள் அம்மா.”

“இடுப்பு எலும்பு புதுசுங்க, எத்தன நேரம் வேணும்னாலும் நிக்கும்.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்து நின்றார்கள். டூகியும் நின்றார், முதுகு வளையாமல். தலைவர் தாளைப் பிரித்தார். “பொது மைதானமாகப் பார்த்தால், நான் ஆடியவற்றில் இதற்கு இணையானவை மிகக் குறைவு. காய்ந்த தரைதான் இதன் ஆட்டம். இதைப் பச்சையாக்குவது இதைக் கெடுப்பதாகும். ஞாயிறன்று மக்கள் நடப்பதையும் திங்களன்று துணி காய்வதையும் குறையாக நான் கருதவில்லை.”

கைதூக்கி நடந்த வாக்கெடுப்பில் குத்தகைத் தீர்மானம் ஒரு கை வித்தியாசத்தில் தோற்றது. ஒரு கை என்பது பெரிய வெற்றி அல்ல. அடுத்த தேர்தலில் அந்தக் கை மாறலாம், வேறு நிபுணர் வரலாம், அவர் ஆட மறுக்கலாம். இது நெட்டாவுக்குத் தெரியும்.

பூந்தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் கைப்பிடி அந்த வாரமே காணாமல் போனது. அது இப்போது பள்ளிப் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றால் டூகி போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நெட்டா கொடுக்கிறார். ஆனால் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறார்.