மூக்கக்கா வாங்கிய வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். பெரிய பணிமனை ஒன்றில் இருபது வருடம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைப் பிரித்துக் கோத்தவள். எண்ணெயை முகர்ந்தே நோயைச் சொல்லிவிடுவதால் மூக்கக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. எழுநூறு வண்டிகளுக்கு நல்லது கெட்டது சொன்னவள், போய்வருவதென்னவோ பஸ்ஸில்தான்.

ஒரு ஞாயிறு காலை தங்கையின் கணவர் அவளை ஒரு டீசல் காரைப் பார்க்க அழைத்துப் போனார். பல் டாக்டர் ஒருவருடைய வண்டி. ஆறு வயதாகியும் ஒரு கீறல் இல்லை.

"பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் அக்கா. ஓடவே இல்ல," என்றார் தங்கை கணவர், வாயெல்லாம் பல்லாக.

"அதான் மாப்ள பயமா இருக்கு."

பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. முன்கூட்டியே சூடேற்றிக் குறையை மறைக்கும் ஆளில்லை இந்த டாக்டர். இன்ஜின் ஒழுங்காகத்தான் எழுந்தது. ஆனால் சாலைக்குப் போனதும், இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் ஒரு குலுக்கல். புகை வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கும் மினுங்கியது. திரும்பி வந்து பாயை விரித்து அடியில் படுத்தாள். கியர்பாக்ஸ் எண்ணெய் இரண்டு சொட்டு எடுத்து முகர்ந்தாள். மையாய்க் கறுத்திருந்தது, தீய்ந்த வாடை மட்டும் இல்லை.

"டாக்டர், தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"கிளினிக் வரைக்கும். ரெண்டு கிலோமீட்டர்."

டீசலுக்கு அது ஆகாது. வடிகட்டி சூடாகிக் கரியை எரிப்பதற்குள் இன்ஜினை அணைத்துவிட்டால் அடைத்துக்கொள்ளும். கியர்பாக்ஸ் எண்ணெயையும் அவர் ஒருமுறைகூட மாற்றியிருக்கவில்லை.

"தொந்தரவு ஒண்ணும் தரலைன்னு விட்டுட்டேன்," என்றவர், தானே சிரித்துவிட்டார். "இதையே பேஷண்ட் சொன்னா திட்டுவேன்."

அவள் தங்கை கணவரிடம் திரும்பினாள். "உங்க ஆபீசும் மூணு கிலோமீட்டர்தான். உங்ககிட்டயும் இது இருமிக்கிட்டேதான் கிடக்கும். பெட்ரோல் வண்டியா பாருங்க."

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

அவளுக்குத்தான் வண்டி மனதை விட்டுப் போகவில்லை. தீய்ந்த வாடை இல்லையென்றால் கியர்பாக்ஸுக்குள் உராய்வுத் தட்டுகள் தீயாமல் பிழைத்திருக்கின்றன. தேய்ந்த இடது முழங்காலை வைத்துக்கொண்டு அவளால் கிளட்ச் மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக்கான இதற்கோ கிளட்ச் பெடலே கிடையாது. வேலைக்காகத் தினம் அறுபது எழுபது கிலோமீட்டர் போகிறவள் வேறு. ஆனால் தங்கை கணவரை வேண்டாம் என்று தடுத்துவிட்டுத் தானே வாங்கினால் அவர் என்ன நினைப்பார்? மூன்று நாள் குமைந்துவிட்டு நேரே அவர் வீட்டுக்கே போனாள்.

"மாப்ள, அந்த வண்டிய நான் எடுத்துக்கலாம்னு பாக்குறேன். நீங்க வேணாம்னு விட்டதால..."

"நான் எங்க விட்டேன்? நீங்கதான் விட வச்சீங்க."

தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் உர்ரென்றே சொன்னார்: "உங்க ஓட்டத்துக்குத்தான் அது சரி. எடுத்துக்குங்க. முதல் நாள் முன் சீட்டு எனக்கு."

வண்டியை வாங்கியதும் கியர்பாக்ஸ் எண்ணெயும் அதன் வடிகட்டியும் மாற்றி, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரட்டினாள். பாதி வழியில் கரி எரிந்து புகை வடிகட்டி விளக்கு அணைந்தது. கியர்கள் வெண்ணெயில் வழுக்குவதுபோல் மாறின. பக்கத்தில் அவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.