மேஸ்திரி கல்லறை

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தோடு முடிந்துவிடும். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பங்கில் மட்டும் சில வீடுகளில் ஞானஸ்நானப் பெயருக்குப் பின்னால் 'மேஸ்திரி' என்று வரும். என் பெயருக்குப் பின்னாலும் வருகிறது. வேலைக்காலம் முழுக்கப் பள்ளியில் சரித்திரம் நடத்தியவன் நான். இந்த ஒரு சொல்லின் சரித்திரத்தைத் தெரிந்தே மாற்றி எழுதினேன்.

துறைமுகத்தில் ஆட்கள் கூடை சுமந்து நிலக்கரி இறக்கிய காலத்தில், கூலிக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்தவர் மேஸ்திரி. வாசலில் ஆஜர் எடுத்த எழுத்தருக்கு ஒவ்வொருவன் பெயரும் தேவைப்படவில்லை. தலைகளை எண்ணி, மொத்தக் கூட்டத்தையும் மேஸ்திரி ஆட்கள் என்று எழுதிக்கொண்டார். பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். ஊரையும் சாதியையும் சொல்லாமலிருப்பதே நல்லது என்று நினைத்தவர்கள். கோயிலில் ஞானஸ்நானம் வாங்கும்போது யார் வீடு என்று சாமியார் கேட்டதற்கும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். ரத்த உறவே இல்லாத பல குடும்பங்களுக்கு ஒரே பெயர் வந்தது இப்படித்தான்.

அந்த மேஸ்திரிக்குப் பிள்ளைகள் இல்லை. வேலையில் செத்த தன் ஆட்களுக்காகக் கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடம் வாங்கினார். கல்லில் 'மேஸ்திரி' என்று மட்டும் வெட்டச் சொன்னார். அந்தப் பெயருள்ள யார் இறந்தாலும் கல்லை நகர்த்துவார்கள், பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைப்பார்கள், புதுப் பெட்டியை இறக்குவார்கள். ஒரு பெட்டி இறங்கினால் அது மக்கும்வரை பல வருடங்களுக்குத் திறக்கக் கூடாது.

இதெல்லாம் என் அப்பா சொல்லி எனக்குத் தெரியும். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்த்திருக்கிறேன். என் தாத்தாவுக்கு எதிரே தொழில் கரிக்கூலி என்று இருக்கிறது. தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதைப் பார்த்த பிறகுதான் பங்கு விழா மலரில் எங்கள் பெயரைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். அதில் அந்த மேஸ்திரியை என் முப்பாட்டனார் ஆக்கினேன். என் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. கரிக்கூலியின் வம்சம் என்றால் அடுத்த கேள்வி சாதியாக இருக்கும் என்று பயந்தேன். அச்சில் வந்ததால் எல்லோரும் நம்பினார்கள். கல்லறைக் குழுவில் என்னைச் சேர்த்து, மேஸ்திரி கல்லறையின் வாரிசு என்றும் பதிந்துகொண்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மத்தியானம் ஓர் அம்மா தன் கொழுந்தனாரோடு வந்தார். கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்த கணவர் அன்று காலை நெஞ்சு அடைத்து இறந்துபோயிருந்தார். உடல் வீட்டில் ஐஸ் பெட்டியில் இருந்தது.

"எங்க வூட்டுக்காரரும் மேஸ்திரிதான் சார். அவரு தாத்தாவ அங்கதான் வச்சிகிறாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ரத்த உறவுன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

அவர் பையிலிருந்து ரேஷன் கார்டையும் கணவரின் வேலை அட்டையையும் எடுத்து வைத்தார். இரண்டிலும் அந்தப் பெயர் இருந்தது.

"இது ஆஜர்ல ஒட்டிக்கிட்ட பேரும்மா. குடும்பத்துப் பேரு இல்ல" என்றேன்.

கொழுந்தனார் சிரித்தார். "இன்னா சார், செத்தவன்கிட்ட பட்டா கேக்குற? மண்ணுக்குள்ள போயி அவன் இன்னா மாடி வூடா கட்டப் போறான்?"

"நீ சும்மா இரு" என்று அவரை அடக்கிவிட்டு, அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை.

அப்போது என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அந்தப் பெட்டி இறங்கினால் இவளுக்கு இடமில்லை. இவ்வளவுதான் காரணம். அவர்கள் அந்த மனிதரை ஊருக்கு வெளியே பொது இடுகாட்டில் புதைத்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் என் மனைவியை மேஸ்திரி கல்லறையில் வைத்தோம். கூட்டம் நிறைய வந்தது.

பல வருடங்கள் போயின. கல்லறையை இனித் திறக்கலாம் என்று ஆன பிறகு, போன மாதம் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். எண்ணூரில், முகத்துவாரக்குப்பம் போகும் வழியில், மகளோடு வாடகைக்கு இருக்கிறார். பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கொண்டுபோயிருந்தேன். என் தாத்தாவும் ஆஜரில் பெயர் வாங்கியவர்தான், அது தெரிந்தேதான் அன்று உங்களைத் திருப்பி அனுப்பினேன் என்று சொன்னேன். அந்தக் கல்லறையில் அடுத்து எனக்கென்று வைத்திருக்கும் இடத்தை உங்கள் கணவருக்கு எழுதித் தருகிறேன், எலும்புகளை எடுத்துவந்து வைத்துவிடலாம் என்றேன்.

"எந்த எலும்ப சார்?" என்றார் அவர். "அங்க வேற யாரையோ பொதச்சிட்டாங்க. நட்டு வச்ச சிலுவைகூட இல்ல. கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு பஸ் மாறிப் போயி, குத்துமதிப்பா ஒரு எடத்துல மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நான் மன்னிச்சி இன்னா ஆவப் போவுது? அன்னிக்கி உங்களாண்ட வந்துட்டு வூட்டுக்குப் போனா எம் பொண்ணு கேட்டா, அப்பா மேஸ்திரி இல்லன்னா நாம்ப யாரும்மான்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரில. அதுலேர்ந்து அவ எங்கியும் அந்தப் பேர எழுதறது இல்ல. அவகிட்ட சொல்லுங்க. வேலைக்குப் போய்கிறா, ஆறு மணிக்கு வருவா. குந்துங்க."

அப்போது மூன்றுகூட ஆகவில்லை. காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தன் வேலையைப் பார்த்தார். எழுந்து போய்விடலாம் என்று பலமுறை தோன்றியது. ஆறு மணிக்கு மேல் அந்தப் பெண் வந்தாள். சின்ன வயதில் கோயிலில் பார்த்த என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.