அதிபருக்காக ஒதுக்கிய ரத்தம்

காலை 5.40. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே போலீஸ் வேனில் ஏறினேன். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஊரில் வளையல் கடை வைத்திருக்கிறேன். அதை விட்டால் என்னிடம் இருக்கும் ஒரே விசேஷம் ஓ நெகட்டிவ் ரத்தம்தான். வெளிநாட்டு அதிபர் ஒருவர் கல்வராயன் மலைக்கு வருகிறார். அவர் நாட்டு உதவியில் பெண்கள் நடத்தும் சாமை மில்லைப் பார்க்கப் போகிறாராம். நாட்டுத் தலைவர் வெளிநாடு போனால் துப்பாக்கியும் மோப்ப நாயும் மட்டும் போதாது போலிருக்கிறது. அவருடைய ரத்த வகைக்காரர்களையும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் கிடைத்தது இரண்டே பேர்: நானும், எலவனாசூர்கோட்டை டிராக்டர் மெக்கானிக் முருகனும்.

6.15. கச்சிராயபாளையத்தில் டீ, பன்னிரண்டு ரூபாய். சர்க்கரை வேண்டாம் என்றேன். டிரைவர் விடவில்லை.

"ஜாஸ்தியாவே போட்டுக் குடிங்கக்கா. இன்னிக்கி ஒங்க ஒடம்பு கவுர்மெண்டு சொத்து."

கோமுகி அணையைத் தாண்டியதும் மலை ஏற்றம். வளைவுக்கு ஒரு போலீஸ்காரர். எல்லோரும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நின்றார்கள். வேன் உரசிக்கொண்டு போனபோதும் ஒருவரும் திரும்பவில்லை.

7.30. வெள்ளிமலை. இறங்கியதும் எங்கள் போன்களை வாங்கிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள். அதிபருடைய டாக்டர் முன்னாடியே வந்திருந்தார். நரைத்த தலை, சிரித்த முகம். என் விரலில் ஊசி குத்திச் சோதித்தார். அவர் காலடியில் ஒரு நீலப் பெட்டி. அதில் அதிபரின் சொந்த ரத்தமே விமானத்தில் கூட வந்திருக்கிறது. அது போதாமல் போனால்தான் நாங்கள்.

"அப்ப நாம உதிரி டயருங்கக்கா," என்றார் முருகன்.

8.35. கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டிய இடத்தில் ஒரு சத்தம். மலைக்கிராமங்களின் நர்ஸ் செல்வி, போலீஸ்காரரைத் தள்ளாத குறையாக நின்றுகொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதத்துக்கு முன்பே அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். மலையில் பூங்கொடி என்ற கர்ப்பிணிப் பெண்ணுக்கும் ஓ நெகட்டிவ். பிரசவத்துக்கு ரத்தம் தேவைப்பட்டால் நான் தருவதாகப் பேச்சு. மாதக் கடைசியில்தான் நாள் குறித்திருந்தார்கள். அதனால் இங்கேயும் தலையாட்டிவிட்டேன். அதிபரைப் பக்கத்தில் பார்க்கலாம் என்ற ஆசை வேறு. ஒரே ஆளை இரண்டு பேரிடம் ஒப்புக்கொடுத்தது என் முட்டாள்தனம்தான்.

"இன்னாக்கா, போனே எடுக்க மாட்றீங்க! ஒங்க வீட்ல கேட்டா இங்க இருக்கீங்கன்னாங்க. பூங்கொடிக்கு முன்னாடியே வலி வந்துடுச்சு. கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிட்டேன். கொழந்த பொறந்துடுச்சு, ரத்தம் நிக்கல. ஒரு பைதான் இருந்துச்சாம், அதயும் ஏத்திக்கினு இருக்காங்க."

இன்ஸ்பெக்டரிடம் போனேன். நல்ல மனிதர்தான், ஆனால் தலையை ஆட்டினார்.

"ஒங்க பேரு டெல்லி வரைக்கும் போயிடுச்சுங்கம்மா. இப்ப மாத்த முடியாது. ஒம்போதேகாலுக்கு ரோட்டயும் மூடிடுவோம்."

"பேரு டெல்லியிலயே இருக்கட்டும் சார். ஆளு நான் கீழ போறேன்."

"நான் இங்கதான சார் இருக்கேன், அக்கா போவட்டும்," என்றார் முருகன்.

கடைக்கு வரும் வெளியூர்க்காரர்களிடம் பேசும் இங்கிலீஷில் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நீலப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். பிறகு சாலைப் பக்கம் கையை நீட்டி, போ என்றார். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு வாக்கி டாக்கியை எடுத்தார். "ஸ்கூட்டர் ஒண்ணு வருது, ரெண்டு லேடீஸ். விட்டுடுங்க."

என் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு 8.50-க்குக் கிளம்பினோம். செல்வி ஓட்டிய ஓட்டில் எனக்கு அல்லாவைத் தவிர வேறு நினைப்பில்லை. மீட்டர்ப்படி பத்தொன்பதாவது கிலோமீட்டரில், அணைக்கு மேலே, நிறுத்திவிட்டார்கள். மணி 9.25. இன்ஸ்பெக்டர் வாக்கி டாக்கியில் சொன்னது அங்கே எடுபடவில்லை. புளியமரத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். கெஞ்சினோம், கத்தினோம். அந்தக் கான்ஸ்டபிளுக்கும் கண் கலங்கியது, ஆனால் வழி விடவில்லை. அரை மணி நேரம் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அப்புறம் வண்டிகள் வந்தன. இருபத்துமூன்று. அதில் இரண்டு ஆம்புலன்ஸ், ஆபரேஷனே செய்கிற மாதிரி ஒரு பெரிய வண்டி. அதிபர் எதில் இருந்தார் என்று தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது சேதி வருமா என்று நான் செல்வியின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

10.35. ஆஸ்பத்திரி. முந்நூற்றைம்பது மில்லி எடுத்தார்கள். சோதனை எல்லாம் முடிந்து 12.10-க்குப் பை உள்ளே போனது. வெளியே பூங்கொடியின் புருஷன் சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

மாலை நாலு மணிக்குப் பூங்கொடி கண் திறந்தாள். உள்ளே விட்டார்கள். "கொழந்த பால் குடிச்சுதா?" என்றுதான் முதலில் கேட்டாள். செல்வி அழுதுவிட்டாள். நானும்தான்.

ஆறு மணிக்கு முருகன் கூப்பிட்டார். அதிபர் பதினெட்டு நிமிடம் இருந்தாராம், மில்லைச் சுற்றிப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் போனாராம். நீலப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஒரு உயிருக்கு இவ்வளவு பேர் இவ்வளவு யோசிக்க முடியும் என்று கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு, பூங்கொடிக்கு ஒரு ஸ்கூட்டர் போதும் என்று என்னால் சமாதானமாக இருக்க முடியவில்லை. இனி எந்த நாட்டுத் தலைவர் வந்தாலும் என்னைக் கூப்பிடட்டும், வருகிறேன். ஆனால் அதே வாரத்தில் மலையில் யாருக்காவது பிரசவ நாள் இருக்கிறதா என்று முதலில் செல்வியிடம் கேட்பேன். இருந்தால், அந்தப் பிரசவக்காரிதான் முதலில்.