கோட்டைத் தொடாத எண்

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம். மில்லியக்கா இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள்; அங்கே நின்று, இழுத்தது நேற்றைக்கா இன்றைக்கா என்று யோசிப்பாள்; திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். "பூட்டுக்கு வாயிருந்தா எப்பவோ போலீசுக்குப் போயிருக்கும்" என்று அவள் கணவன் கேலி செய்வான். அடுப்பு, தண்ணீர்க் குழாய், இஸ்திரிப் பெட்டி என்று அவள் சந்தேகத்துக்குத் தப்பிய பொருள் அந்த வீட்டில் எதுவுமில்லை.

வீட்டில் நகைப்புக்கு இடமான இந்தக் குணம்தான் வேலையிடத்தில் அவளுக்குச் சோறு போட்டது. அலுமினியச் சட்டமும் கண்ணாடிக் கதவும் செய்து பொருத்தும் ஒரு சிறிய நிறுவனத்தில், பட்டறைக்கு மேலே இருந்த அறையில், கணினியில் வரைபடம் போடுவது அவள் வேலை. திருமணமாகி, மகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, தையற்கடை மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்ட தொழில் அது. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வரைபடத்தைத் திருப்பி அனுப்புவாள் என்பதால் பட்டறையில் வைத்த பெயர்தான் மில்லியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகும்.

அந்த அறையில் அவளோடு இன்னொருத்தி உண்டு. கணினியைத் திறந்ததிலிருந்து மூடும்வரை வாய் ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். இரண்டு மேசைகளுக்கும் நடுவேயிருந்த சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் மில்லியக்காவின் கையெழுத்தில் ஒரே வரி: 'எண்ணைத் திருத்தாதே, கோட்டை நகர்த்து.'

அதற்கு ஒரு காரணம் உண்டு. கணினியில் ஒரு கதவை வரைந்து, அதன் அகலத்துக்கு அளவு போட்டால், இரண்டு அம்புகளுக்கு நடுவே எண் தானாகவே வந்து உட்காரும். கோட்டை நகர்த்தினால் எண்ணும் கூடவே மாறும். ஆனால் அவசரக்காரர்களுக்கென்று ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. எண்ணின்மேல் தட்டி, விருப்பப்பட்ட வேறோர் எண்ணை எழுதிவிடலாம். அப்போது கோடு இருந்த இடத்தில் இருக்கும்; எண் மட்டும் வேறு கதை சொல்லும். அச்செடுத்த தாளில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. வரைபடக் கோப்பை வாங்கிக் கண்ணாடி வெட்டித் தரும் வெளிக் கம்பெனியின் இயந்திரமோ எண்ணைப் படிப்பதே இல்லை. அதற்குக் கோடுதான் கணக்கு.

சில மாதங்களுக்கு முன் ரேடியோ அப்படி ஓர் எண்ணைத் திருத்திவிட்டாள். சுவர் நிறைய வைக்கவேண்டிய ஒரு கண்ணாடி, சுவரை விடப் பெரிதாக வந்து இறங்கியது. "கண்ணாடி வேலையை இவகிட்ட இனிமே குடுக்காதீங்க" என்று முதலாளியிடம் சொன்னவள் மில்லியக்காதான். அன்றிலிருந்து ரேடியோவுக்கு அலமாரிப் படங்கள் மட்டுமே வந்தன. அவளும் அலமாரிகளைப் பற்றியே பேசிக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

*

கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், மாமியாரின் பக்கத்தில் மில்லியக்கா உட்கார்ந்திருந்தாள். மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. தாதி வந்து வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் போனாள். உள்ளே போகும் கண்ணாடிக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சட்டத்தில் உரசிக் கீச்சென்று கத்தியது.

'அகலம் கூடிப்போன கதவு' என்று மில்லியக்கா தொழில்முறையில் ஒரு முடிவுக்கு வந்தாள். வந்த மறுகணம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நேற்று மாலை அவள் கண்ணாடிக் கம்பெனிக்கு அனுப்பியதும் கதவுதான். ஒரு பல் மருத்துவருடைய புதிய மருத்துவமனைக்கு ஒரே அளவில் இரண்டு கதவுகள். கிளம்பும் நேரத்தில், அளவெடுக்கப் போனவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சுவத்துப் பூச்சு தடிச்சுப்போச்சு மேடம். கதவுக்கு எண்ணூத்தி எண்பதுதான் கிடைக்கும்" என்றார். அதுவரை வரைபடத்தில் இருந்தது தொள்ளாயிரம். முதலாளி வாசலில் நின்றுகொண்டு, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கத் தாளை உடனே கொடுங்கள் என்றார். அந்த நேரம் பார்த்துக் கணவனின் அழைப்பு வேறு: "அம்மாவோட மருந்துச் சீட்டு எங்க?"

எண்ணை மாற்றியது நினைவிருந்தது. தாள் அச்சாகி வந்ததும் நினைவிருந்தது. கோட்டை நகர்த்தினாளா?

கைப்பையைத் துழாவி, தனக்கென்று எடுத்து வைத்திருந்த அச்சுப் பிரதியை எடுத்தாள். இரண்டு அம்புகளுக்கு நடுவே, 880 என்று, பொய் சொல்லத் தெரியாத பிள்ளைபோல எண் நின்றது. உற்றுப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பூட்டென்றால் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கலாம். இதை எப்படி இழுப்பது?

"என்னம்மா, முகமெல்லாம் வேர்த்து ஊத்துது? ஆப்பரேஷன் எனக்கா உனக்கா?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தை. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

கேட்டால் ரேடியோவைத்தான் கேட்க வேண்டும். அவளுக்குக் கண்ணாடி வேலை கொடுக்காதீர்கள் என்று சொன்ன அதே வாயால். ஆனால் வெட்டிய கண்ணாடி முற்பகலுக்குள், அதைக் கெட்டிப்படுத்தும் உலைக்குப் போய்விடும். உலையில் பதமேறிய கண்ணாடியை அதன்பிறகு ஒரு மயிரிழைகூடச் செதுக்க முடியாது. கத்தி பட்டால் கல்கண்டாக உதிர்ந்துவிடும்.

"ரேடியோ, என் மெஷினைப் போடு. நேத்து அனுப்பின கதவைத் திற."

"அக்கா! அத்தைக்கு முடிஞ்சுதா? எங்க பெரியம்மாவுக்குப் பண்ணினப்ப, கண்ணு தெரிஞ்சதும் முதல் வேலையா வீட்டு ஒட்டடையைத்தான் திட்டினாங்க."

"அடியே, கதவைத் திறடீ!"

"திறந்தாச்சு, திறந்தாச்சு. அகலம் எண்ணூத்தி எண்பது. பளிச்சுன்னு இருக்கு."

"அந்த எண்ணைத் தட்டு. கோடு உண்மையிலே எவ்வளவு காட்டுது?"

தொலைபேசியில் சத்தமே இல்லை. அந்த வாய் இப்படி அடங்கி மில்லியக்கா கேட்டதே கிடையாது.

"அக்கா... தொள்ளாயிரம்."

"சரி."

"இதை யாரு அக்கா தட்டினது?"

"நான்தான்."

ரேடியோ சிரிப்பாள் என்று மில்லியக்கா எதிர்பார்த்தாள். சிரித்திருந்தால் தேவலை. "பழைய ஃபைல் மாறிப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம்கா. முதலாளி என்ன கம்ப்யூட்டரைத் திறந்தா பார்க்கப்போறாரு?" என்று அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

வேண்டாம் என்று மில்லியக்கா சொல்லவில்லை. "கண்ணாடிக் கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கிட்டே இரு, நானும் கூப்பிடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. உலை ஓடும் இரைச்சலில் அங்கே யாருக்கும் காது கேட்காது என்பது தெரிந்த சங்கதி. அவள் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடியும் நின்றாள்.

"உனக்கு எங்கயோ போகணும். போ" என்றார் மாமியார்.

"உங்களை விட்டுட்டு எப்படி அத்தை?"

"நீ என்ன, உள்ள வந்து கத்தி பிடிக்கப் போறியா? என் புள்ளையை வரச் சொல்லிட்டுக் கிளம்பு. நீ பக்கத்துல உக்காந்து பெருமூச்சு விடறதுல எனக்குப் பிரஷர் ஏறுது."

*

ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. சிவப்பு விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் மில்லியக்காவுக்கு உலைதான் தெரிந்தது. வேலை போகாது என்பது தெரியும். ஆனால் கண்ணாடி வேலை போகும். அது போனபின் அந்த மேசையில் அவள் யார்? நாளெல்லாம் அலமாரிக் கதவுக்குக் கைப்பிடி வரைந்துகொண்டு, சுவரில் தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பழைய கோப்பு மாறிப் போய்விட்டது. சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் வழவழவென்று எளிதாகவே வந்தது.

கண்ணாடித் தொழிற்சாலைக்குள் ஓடியவளை உலைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். "மேடம், இந்தச் செருப்போட உள்ள வராதீங்க! தரை முழுக்கச் சில்லு."

"பல் டாக்டர் கதவு! ரெண்டு கதவு! எங்க இருக்கு?"

"ஒண்ணு அதோ, துளை போடற மேசையில ஏறப்போகுது."

"இன்னொண்ணு?"

அவர் உலையைப் பார்த்தார். உருளைகளின்மேல் ஊர்ந்துபோய் அந்தக் கண்ணாடி ஏற்கெனவே உள்ளே இருந்தது. சிறிய சாளரத்தின் வழியே செக்கச்சிவந்த வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"நிறுத்த முடியாதா?"

"போனது போனதுதான் மேடம். பாதியில எடுத்தா வெடிச்சிடும்."

கைப்பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து, மேசையருகே நின்ற கண்ணாடியின்மேல் பிடித்தாள். நம்பாமல் இன்னொரு முறை பிடித்தாள். தொள்ளாயிரம். துளை விழாத கண்ணாடி என்பதால் இருபது மில்லியைச் சீவிவிட்டு விளிம்பை மறுபடியும் தேய்த்துவிடலாம். உலைக்காரர் இயந்திரக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒன்று பிழைத்தது.

தொலைபேசி ஒலித்தது. முதலாளி.

"என்னம்மா, ஆஸ்பத்திரியில இருக்கவேண்டிய ஆளு கண்ணாடிக் கம்பெனியில என்ன பண்றீங்க? இப்பதான் அவங்க மேனேஜர் போன் பண்ணினாரு. என்ன ஆச்சு?"

வழவழப்பான வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் ரேடியோ காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆனால் அதன்பிறகு அந்த அறையில் ஒவ்வொரு நாளும் அவளுக்கு எதிரே உட்கார வேண்டும்.

"அகலத்தை நான் கோட்டுல மாத்தலைங்க. எண்ணை மட்டும் தட்டிட்டு அனுப்பிட்டேன். ஒரு கதவு உலைக்குள்ள போயிடுச்சு."

 "சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கே, அது யாரு எழுதினது?" என்றார் முதலாளி.

"நான்தாங்க."

"அதான் கேட்டேன். நாளைக்குக் காலையில பேசிக்கலாம்."

மாமியாருக்கு அறுவை நன்றாக முடிந்திருந்தது. ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்தபடி, "கதவு பிழைச்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார். "பாதி" என்றாள் மில்லியக்கா. மறுநாள் காலையில் வீட்டைப் பூட்டியபோது அவள் பூட்டை இழுத்துப் பார்க்கவே இல்லை; அதைவிடப் பெரிதாக ஒன்று காத்திருந்தது.

முதலாளி மாடிக்கே வந்துவிட்டார். இரண்டு மேசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணாடி வேலை உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா இவ பார்த்துச் சரின்னு சொல்லாம ஒரு படமும் வெளிய போகக்கூடாது. இவளோடதை நீங்க பாருங்க. இவளுக்கும் கண்ணாடி வேலை குடுங்க."

"நானா? அக்காவோடதையா?" என்றாள் ரேடியோ.

"ஏன், கண்ணு தெரியாதா?"

அவர் இறங்கிப் போனதும் மில்லியக்கா மாற்றுக் கதவுக்குத் திருத்திய படத்தைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். ரேடியோ வந்து உட்கார்ந்தாள். எண் எண்ணாகத் தட்டிக்கொண்டே போனாள். உயரம். கீல். கைப்பிடித் துளை. ஒவ்வொரு தட்டுக்கும் மில்லியக்கா திரையை எட்டி எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் காலையில் வந்ததுமே சரிபார்த்திருந்தாள். ஆனாலும் பார்த்தது நிஜமா, பார்த்ததாக நினைத்ததா?

அகலத்துக்கு வந்ததும் ரேடியோவின் கை அப்படியே நின்றது. திரையை நெருங்கிக் குனிந்தாள். வாயைத் திறந்தாள், பேசவில்லை.

"என்னடீ?" என்று மில்லியக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "என்ன காட்டுது? சொல்லித் தொலையேன்!"

ரேடியோ ஒரு பெரிய தும்மல் போட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எண்ணூத்தி எண்பது. கோடும் அதேதான்" என்றாள். "ஏன்கா, எனக்குத் தும்மல் வரக்கூடாதா?"